தளம் இல்லாதவள்

லிஃப்ட் அக்கா என்றால் அந்த ஒன்பது மாடி அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. இருபத்தோரு வருஷமாக ஒரே ஸ்டூல், ஒரே கைப்பிடி, ஒரே கிராதிக் கதவு. கதவு பழசு, உள்ளே ஒரு ஆள் நின்று இழுத்துச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். யாருக்கு யாரோடு சண்டை, யார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வேலையே இல்லாமல் நாலாம் தளத்துக்குப் போகிறார், எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. கேட்டால் சொல்ல மாட்டாள். கேட்காவிட்டால் சொல்லிவிடுவாள்.

ஐம்பதை நெருங்கியபோது இடுப்பு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஐந்தாம் தளத்தில் பெண்களுக்கென்று ஒரு ஓய்வறை இருந்தது. மத்தியானம் அரைமணி நேரம் அங்கே போய்க் காலை நீட்டினால் போதும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் சாவி பணியாளர் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான். அக்கா உறுப்பினர் இல்லை. இத்தனை வருஷம் அது அவளுக்கு உறைக்கவும் இல்லை. படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

சங்கச் செயலாளர் ஆறாம் தளத்துக்காரர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று அடிக்க. அக்கா விண்ணப்பத்தை நீட்டினாள். மூன்றாவது கட்டத்தில் ‘பணிபுரியும் தளம்’ என்று இருந்தது. அவள் ‘எல்லாம்’ என்று எழுதியிருந்தாள்.

“அப்படி எழுதக் கூடாதுக்கா. ஒரு தளம்தான் போடணும்.”

“ஒன்பதையும் நான்தானே சுத்துறேன்?”

“சுத்துறது வேற, பணிபுரியுறது வேற.”

மறுநாள் அடித்துவிட்டு ‘நடுவில்’ என்று எழுதிக் கொடுத்தாள். செயலாளருக்கு மூக்குச் சிவந்துவிட்டது. ஒரு வாரத்தில் முத்திரை குத்திய கடிதம் வந்தது: ‘தாங்கள் எந்தத் தளத்தையும் சாராதவர் என்பதால், சங்கத்தில் உறுப்பினராகவோ, வாக்களிக்கவோ, பதவிக்குப் போட்டியிடவோ, சங்க வசதிகளைப் பயன்படுத்தவோ தகுதியற்றவர் எனத் தெரிவிக்கப்படுகிறது.’

வீட்டில் கணவர் அதை இரண்டு தரம் படித்தார். அவர் தையல்காரர்; எதையும் இரண்டு தரம் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார்.

“பதவிக்கு வேற போட்டியிடப் போறியா நீ?”

“சாவி கேட்டேன். அவன்தான் பதவி வரைக்கும் போயிட்டான்.”

“விட்டுத் தொலை. இடுப்புக்குத் தைலம் தேச்சி விடுறேன்.”

“தைலம் தேய்ங்க. விடுறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்.”

தைலம் தேய்த்துக்கொண்டே, அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றும், தன் கவலை செயலாளரைப் பற்றித்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை அந்தக் கடிதம், கண்ணாடித்தாள் உறை போட்டு, ‘எட்டுப் பேர் அல்லது 544 கிலோ’ என்ற தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. லிஃப்டுக்குள் மனிதன் வேறு எதைப் படிப்பான்? மத்தியானத்துக்குள் கட்டடமே படித்துவிட்டது. நாலாம் தளத்துப் புதுச்சட்டைக்காரர் சத்தம் போட்டு ராகத்தோடு படித்தார். செயலாளர் ஓடி வந்தார்.

“தளங்கள்ல நோட்டீஸ் ஒட்டணும்னா சங்கத்தோட அனுமதி வேணும்!”

“இது எந்தத் தளத்துல தம்பி இருக்கு?” என்று கேட்டுவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.

அவர் எட்டாம் தளத்து இயக்குநரிடம் போனார். இயக்குநருக்கு லிஃப்டில் தினமும் அதைப் படித்துச் சிரிப்பது பழகிவிட்டிருந்தது. “சங்க விவகாரம், நான் தலையிட மாட்டேன்” என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லி நழுவிவிட்டார்.

வழி திறந்தது மேலேயிருந்து. ஒன்பதாம் தளத்தில் பழைய கோப்புகள்; அங்கே மொத்தமே நாலு பேர். அவர்களில் மூத்தவர், தூசியிலேயே இருந்து குரல் கரகரத்தவர், ஒருநாள் லிஃப்டில் சொன்னார்: “எங்க தளத்துக்கு வந்துடுங்க. அஞ்சாவது ஆளா போட்டுக்கறோம்.”

நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். செயலாளர் அடிக்கிற பேனாவை எடுத்தார். “ஒன்பதாம் தளத்துல உண்மையா பணிபுரிஞ்சாத்தான் செல்லும்.”

“அவ்வளவுதானே?” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை ஒரு மணிநேரம் முன்னதாகவே வந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த தட்டச்சுப் பெண்ணையும், கால் சரியில்லாத ஒரு பெரியவரையும் முந்தின வாரமே சொல்லிவைத்துச் சீக்கிரம் வரவழைத்திருந்தாள். அவர்களை அவரவர் தளத்தில் இறக்கிவிட்டு, நேரே ஒன்பதுக்குப் போனாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

கீழே மணியை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினார்கள். பிறகு ஏற ஆரம்பித்தார்கள். மூன்றாம் தளம்வரை பேச்சுச் சத்தம் வந்தது. அதற்கு மேல் மூச்சுச் சத்தம் மட்டும். புதுச்சட்டைக்காரர் நாலாம் தளம் போய்ச் சேர்ந்தபோது சட்டை பழசாகியிருந்தது. இயக்குநர் ஏழாம் தளத்துப் படியில் உட்கார்ந்து, தலையிடுவது என்று முடிவு செய்தார். ஆறாம் தளத்துக்கு ஒரே ஒரு போன்.

செயலாளர் ஒன்பதுக்கு வந்தபோது பேச்சு வரவில்லை. அக்கா ஸ்டூலைக் கொடுத்தாள். கோப்பு அறைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

“என்னக்கா… இது?”

“ஒன்பதாம் தளத்துல உண்மையா பணிபுரிஞ்சிட்டிருக்கேன் தம்பி. நீங்களே பாருங்க, நகரவே இல்லை.”

அவர் முறைத்தார். கீழே ஆறு தளம் தள்ளி யாரோ இருமுவது கேட்டது. எழுதுகிற பேனாவை எடுத்தார்.

கையெழுத்து வாங்கியதும் அவரை அவள்தான் ஆறாம் தளத்தில் இறக்கிவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதுபோல் ஒரு குறுகுறுப்பு.

சாவி கையில் வந்த அன்று ஓய்வறையைத் திறந்து பார்த்தால் கட்டிலுக்கு மூன்று கால். மேலே சங்கத்தின் பழைய கேடயங்கள், கிழிந்த பேனர்கள். இதற்கா இத்தனை காவல் என்று நின்ற இடத்திலேயே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேடயங்களை அடுக்கி நாலாவது கால் ஆக்கினாள். அன்றைக்கு அரைமணி நேரம் நல்ல தூக்கம்.

அடுத்த தேர்தலில் ஒன்பதாம் தளம் தன் பிரதிநிதியாகச் சங்கக் குழுவுக்கு அவளையே நிறுத்தியது. ஐந்து ஓட்டு, ஐந்தும் அவளுக்கு. தனக்குத் தானே போட்டது உட்பட என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். செயலாளர் செயலாளராகவே இருந்தார். கூட்டத்தில் ‘உறுப்பினர் அவர்களே’ என்று அவளை அழைக்கும்போது மட்டும் அவர் கை தானாக அடிக்கிற பேனாவுக்குப் போகும்.

முதல் கூட்டத்திலேயே ஒரு விண்ணப்பம் வந்தது. வெளிவாசல் காவல்காரர். அவருக்கும் தளம் இல்லை, கூரையே இல்லை. அந்த ஆள் அவளுடைய சைக்கிளை உள்ளே விடாமல் பதினொரு வருஷமாக மல்லுக்கட்டுகிறவர். விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது கட்டத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு நிமிஷம் இனித்தது. ‘இது எப்படிச் செல்லும்?’ என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. செயலாளர் அடிக்கிற பேனாவை அவள் பக்கம் தள்ளியும் வைத்தார்.

“புதன்கிழமை பார்க்கலாம்” என்று மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு நாள் அந்த ஆளைக் காக்க வைத்தாள். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. புதன்கிழமை காலை அவளே பேனா வாங்கி, அச்சடித்த ‘தளம்’ என்பதை அடித்து, மேலே ‘இடம்’ என்று எழுதி, காவல்காரருக்காக ‘வாசல்’ என்று நிரப்பினாள். பிறகு வெளியே போய் அவரிடம் சொன்னாள்:

“சேர்த்தாச்சு. இனிமே என் சைக்கிள் உள்ளேதான் நிக்கும்.”

“அதுக்கு விதி இல்லையே அக்கா” என்றார் அவர்.