டேங்கர் மேல் வைத்த கை

பெட்ரோல் ஏற்றிய லாரியைக் கண்டால் தள்ளி நடக்கிறவர்கள், காலி லாரியின் நிழலில் நின்று பீடி பிடிப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்ரோலை இறக்கிவிடலாம், அதன் ஆவி அவ்வளவு சீக்கிரம் போகாது. உள்ளே காற்றோடு கலந்து அடைந்து கிடக்கும். ஒரு பொறி போதும். அம்பத்தூர் எஸ்டேட்டில், டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் செய்யும் ஷெட்டில் என் வேலை இதுதான்: உள்ளே ஆவி இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வது. நான் சொன்ன பிறகுதான் வெல்டர் பற்றவைப்பார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆவி இல்லை என்று சொன்னவர், முதல் பொறி பறக்கும்போது டேங்க் மேல் கை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். எந்த விதியிலும் இது கிடையாது. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் எங்கள் வெல்டர் கொண்டுவந்தது. நான் சேர்ந்த புதிதில், "நீ சொல்றது கரீட்டுன்னா பக்கத்துல நில்லுக்கா" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போய் நின்றேன். இன்றுவரை நிற்கிறேன்.

போன கோடையில் ஒருவர் டேங்கர் கொண்டுவந்தார். சங்ககிரிப் பக்கத்துக்காரர். பல வருஷம் டிரைவராக இருந்து, முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். மேலே கீழே இண்டு இடுக்கு விடாமல் வெள்ளை பெயிண்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். டேங்கின் அடிவயிற்றில் ஒரு விரிசல். அதை அடைத்தால் மறுநாள் லோடு.

"கழுவி, நீராவி அடிச்சு, காய வெச்சுத்தானுங்க கொண்டாந்திருக்கேன். மறுபடி எதுக்குங்க சோதனை?"

"அது என் வேலை. நீங்க போய் உக்காருங்க."

டேங்குக்குள் தடுத்திருந்த அறைகளில் ஒவ்வொன்றாக மீட்டரின் குழாயை அடிவரைக்கும் இறக்கிப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். வெல்டர் முகமூடியோடு வந்தார். "இன்னாக்கா, ஆச்சா?"

ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லாரிக்காரர் வந்து டேங்க் மேல் இரண்டு கையையும் வைத்தார். வழக்கத்தை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நானே நிக்கறேனுங்க. என் வண்டி மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க."

அவர் நடிக்கவில்லை. முகத்தில் துளி பயம் இல்லை. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டேன். இத்தனை நாள் அந்தக் கையை எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன். ஒன்றும் தெரியாதவரும் இதே தைரியத்தோடு வைக்கலாமே. என் கை மட்டும் என்ன உசத்தி?

"கொஞ்சம் இரு" என்று வெல்டரிடம் சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் நுழைந்தேன். அந்த டேங்கில் இரண்டு அறைகளுக்கு நடுவில் இரட்டைச் சுவர், சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதில் பெட்ரோல் கசிந்தால் வடிவதற்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். காணோம். வெள்ளை பெயிண்ட்தான் இருந்தது. தடவிக் கண்டுபிடித்துச் சுரண்டி, குழாயை வைத்தேன். மீட்டர் அலறியது. விரிசல் அங்கிருந்து ஒரு சாண் தூரம்.

வெளியே வந்தால், லாரிக்காரர் இன்னும் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கையை எடுய்யா" என்று கத்தினேன். வெல்டர் போய் மெஷினை அணைத்தார். விஷயம் புரிந்ததும் லாரிக்காரர் குனிந்து, நான் சுரண்டிய இடத்தைப் பார்த்தார்.

"பாத்துப் பாத்து அடிச்சனுங்க பெயிண்டு" என்றார். பாவமாக இருந்தது.

அந்த இடைவெளிக்குள் தண்ணீர் விட்டு, நீராவி அடித்து, காயவைத்து, மறுநாள் திரும்பவும் எல்லாம் பார்த்தேன். ஓட்டையிலும் பூஜ்யம். போய்க் கை வைத்தேன். வெல்டர் முகமூடியை இறக்கினார். பிறகு தூக்கினார்.

"எக்கா, கை நடுங்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மீட்டர்ல பூஜ்யம். நீ பத்த வை."

"மீட்டர நான் என்னிக்குக்கா பாத்தேன்? உன் கையத்தான் பாத்துகினு கீறேன். இன்னொரு தபா பாத்துட்டு வா."

எரிச்சலோடு போய்ப் பார்த்தேன். பூஜ்யம்தான். வந்து கை வைத்தேன். மனசு சரி என்றது, கை கேட்கவில்லை. இத்தனை நாளாக இந்த மனிதர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துத்தான் நின்றிருக்கிறேன். உயிரையே இந்தக் கையிடம் கொடுத்துவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அவர் முன்னாலேயே அழுதேன்.

வெல்டர் மெஷினை அணைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். "நாளைக்கு வெச்சிக்கலாம்க்கா. ஊட்டுக்குப் போ."

லோடு இன்னொரு நாள் தள்ளிப்போகும். லாரிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் சரி என்று தலையாட்டிவிட்டார்.