கரித்துண்டு வைக்காத சூப்

இந்த ஊரில் தின்று முடித்த கோழியின் எலும்பைக்கூட யாரும் சும்மா விடுவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்டி, விருந்து முடிந்ததும் முதுகு, கழுத்து, இறக்கை எலும்புகளைப் பொறுக்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துவிடுவார். எங்கள் நாமக்கல்லில் திரும்பிய பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. ஆனால் குழம்போடு எலும்பின் கதை முடிந்தது, மிச்சம் தெருநாய்க்கு. மலாய் நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஆன்டி செய்வது அருவருப்பாகவே இருந்தது.

என் கணவர் போய், கருமாதியும் முடிந்தது. வீட்டைக் காலி செய்து கிள்ளானில் இருக்கும் மகளிடம் போவதாக ஏற்பாடு. போவதற்கு முந்தைய நாள், அவருக்குப் பிடித்த நாட்டுக்கோழியை, இங்கே ஆயாம் கம்பம் என்பார்கள், முழுசாக வறுத்துப் படைத்தேன். ஊரிலிருந்து நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணன் இந்நேரம் நம்மூருக்கு வந்திருக்குமுங்க அண்ணி. நீங்க அங்க படைச்சு என்னங்க ஆகப்போகுது?"

அது நெஞ்சில் தைத்தது. பிறந்தது அங்கே, உயிர் போனது இந்த அறையில், நாளைக்கு நானோ கிள்ளானில். மனுஷர் என்னை எங்கே வந்து தேடுவார்?

மறுநாள் காலை மிஞ்சிய எலும்பைப் பையில் கட்டி வெளியே வைத்தேன். ஆன்டி அதைத் திறந்து பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"யுவர் ஹஸ்பண்ட் சுடா மாகான் லா. துலாங் யூ புன்யா."

உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாயிற்று, எலும்பு உன்னுடையது என்கிறார். செத்தவர்களுக்குப் படைத்த கோழியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சூப் வைப்பார்களாம். படையல் எலும்பை மறுபடி அடுப்பேற்றுவது எங்களுக்கு வழக்கமில்லை. கூடாது என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாயில் "தாக் போலே" என்றேன். அதற்கு முடியாது என்றும் அர்த்தம். எனக்குச் செய்யத் தெரியாது என்று எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து, மசாலாவை வெந்நீரில் அலசி, தானே அடுப்பைப் பற்றவைத்து, நுரை எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுப்பும் ஒன்றிரண்டு பாத்திரமும் தவிரச் சாமானெல்லாம் லோரியில் போய்விட்ட வெறும் வீடு. கொதி ஏற ஏற எலும்புகள் பாத்திரத்தில் மோதி டக் டக்கென்றன. என் வீட்டுக்காரர் தொடை எலும்பைத் தட்டின் விளிம்பில் அப்படித்தான் தட்டுவார், உள்ளிருக்கும் சாறு இறங்குவதற்கு. "தட்டு உடையப் போகுதுங்க" என்று நான் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அன்றும் வாய்வரை வந்துவிட்டது. பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பயத்தைவிட ஆசை அதிகம். தீயைக் குறைக்க மனமே வரவில்லை.

உச்சி வெயிலில் கிளம்பினேன். கறி கொண்டு போனால் மேலே ஒரு அடுப்புக்கரி வைக்காமல் அம்மா எங்களைப் படி தாண்ட விட்டதில்லை. வாசனை பிடித்துச் செத்தவர்கள் பின்னால் வந்துவிடுவார்களாம். கைப்பழக்கம், சாம்பிராணிக்கு வாங்கியதில் மிஞ்சிய கரித்துண்டை, சூப் ஊற்றிய தூக்குப்போசி மூடிமேல் வைத்துத் துணியால் கட்டியும்விட்டேன். கதவைப் பூட்டும்போதுதான் உறைத்தது. யார் வரக்கூடாது என்று இதை வைத்தேன்? முடிச்சை அவிழ்த்துக் கரியை வாசலிலேயே போட்டேன். மூடியையும் கொஞ்சம் தளர்த்தினேன்.

"வாங்க, பாப்பா வீட்டுக்குப் போறோம்," என்றேன்.

ரயிலில் வழியெல்லாம் இஞ்சி வாசனை. சன்னலோரத்தை விட்டுவிட்டு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தேன். அவருக்கு எப்போதும் சன்னல்தான் வேண்டும். பாதி வழியில் ஏறிய ஒரு மலாய்க்கார அம்மா அந்த இடத்தைக் காட்டி, "அடா ஓராங்?" என்றார். ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறார்.

"அடா," என்றேன். இருக்கிறார்.

அந்த அம்மா இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிள்ளான் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.