மூன்று பேருக்காகக் கேட்ட ஜெபம்

அந்தப் புதன்கிழமை நான் கர்த்தரிடம் கேட்டது மூன்றே மூன்று ஆண்களை. சிரிக்காதீர்கள், சகோதரங்களே. அழுதுகொண்டுதான் கேட்டேன்.

ஜெர்மனியில், ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள சிறு நகரத்தில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை பழகுகிறேன். அங்கே இருக்கும் பெல்லா அம்மா உக்ரைனிலிருந்து வந்த யூதப் பெண். அவருடைய கணவர் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும். மாலையில் அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். கல்லறையில் மகன் சொல்லும் ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்ல முடியாது. அவர்களுடைய ஜெப ஆலயத்தில் வரக்கூடியவர்கள், மகனோடும் ரபி என்கிற அவர்களின் மதகுருவோடும் சேர்த்து ஏழு பேர்.

நகரின் மறுபக்கத்தில் இன்னொரு யூத ஜெப ஆலயம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பிரிந்துபோனவர்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. "அவையிட்டயோ? கேக்கவே மாட்டம்," என்றார் மகன்.

நான் அவசரக்காரி. வியாழன் விடிந்ததும் நம் சபை அண்ணன்மார் மூவரைக் கூட்டிப் போய் மகன் முன்னால் நிறுத்தினேன். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"இவை யூதரோ?"

"இல்லை, பெந்தேகோஸ்து," என்றார் ரவி அண்ணை, பெருமையாக.

பத்துப் பேரும் யூதராக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெல்லா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார்.

நேரே மறுபக்க ஜெப ஆலயத்துக்கு ஓடினேன். வாசலில் காவலுக்குப் பொலிஸ் கார். மணியை அடித்தேன், கமரா மட்டும் என்னைப் பார்த்தது. கழுத்தில் சிலுவையோடு நிற்கிற முன்பின் தெரியாத ஒருத்தியை ஏன் நம்ப வேண்டும்? மூன்றாம் முறைதான் அவர்களின் தலைவர் வெளியே வந்தார்.

"உன்னை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை."

"மதம் மாத்த வந்தனியோ?"

"இல்லை ஐயா. அடக்கத்துக்கு மூண்டு பேர் குறையுது. அதுக்கு வந்தனான்."

"அவை கேக்கச் சொன்னவையோ?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. "இல்லை," என்றேன்.

"கேக்காத இடத்துக்குப் போனால், தங்கட இடத்தைப் பிடிக்க வந்திட்டினம் எண்டு கதைப்பினம்." கதவு சாத்தப்பட்டது.

பஸ் தரிப்பிடத்தில் இருந்து ஜெபித்தேன். ஜெபமா சண்டையா தெரியாது. 'உம்முடைய ஜனத்தில் பத்துப் பேரை ஒன்றாக நிறுத்த உமக்கும் ஏலாதோ?' எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஆண்டவர் மேலும்தான். அந்த நேரம் ஒரு யோசனை வந்தது. பெல்லா அம்மாவை இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே! திரும்பி ஓடிப்போய், மறுபக்கத்தாரை நீங்களே கூப்பிடுவீர்களா என்று அவரைக் கேட்டேன்.

"வேண்டாம் அம்மா. வந்து எங்களைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போவினம்," என்று மகன் தடுத்தார்.

"செத்தது என்ர மனுசன். போனைத் தா."

தலைவரோடு ரஷ்ய மொழியில் கதைத்தார். முடிந்ததும், "என்னவாம்?" என்றேன்.

"பாப்பமாம்."

வெள்ளிக்கிழமை, மழை. குழியடியில் ஏழு பேர். ரபி மணிக்கூட்டைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடாமல் கல்லறைத் தோட்டத்தின் கேற்றைப் பார்த்தபடி ஜெபித்தேன்.

ஒரு கார் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் அந்தத் தலைவர்.

"ஒருத்தன் மயங்கி விழுந்தாலும் எண்டுதான் நாலு," என்றார்.

ஒருவரும் கைகொடுக்கவில்லை. குழியின் இரண்டு பக்கமும் பிரிந்தே நின்றார்கள். ஆனால் மகன் ஜெபத்தைத் தொடங்கியபோது, இரண்டு பக்கமிருந்தும் 'ஆமென்' வந்தது. எனக்கு விளங்கிய ஒரே சொல்.

அடக்கத்துக்குப் பிறகு வரும் துக்க வாரத்திலும் அந்த நால்வரும் மாலை ஜெபத்துக்கு வந்தார்கள். முதலில் பேச்சே இல்லை. நாலைந்து நாளில் எந்த ராகத்தில் பாடுவது என்று சண்டை. சண்டை பிடிக்கவாவது கதைக்கத் தொடங்கினார்களே என்று ஸ்தோத்திரம் சொன்னேன். இன்றும் ஜெப ஆலயங்கள் இரண்டுதான். ஆள் குறைந்தால் மட்டும் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு அது போதும். ஒரே நாளில் எல்லாம் நடக்காவிட்டால் விட்டுவிடுகிறவளாக இருந்தேன். இப்போது அப்படி இல்லை. சகோதரங்களே, நம் ஊரின் மற்றத் தமிழ்ச் சபையோடு நாம் கதைத்து எத்தனை வருடம்? வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அங்கே போகிறேன். சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். கர்த்தரை நம்பி, என்னோடு யார் வருகிறீர்கள்?