அரசாங்கச் செலவில் ஓர் எதிரி

அப்போது நாடு புதிது. ராணுவம் அதைவிடப் புதிது. துப்பாக்கி வந்து சேரும்வரை மரக்கட்டையைத் தோளில் வைத்துத்தான் முதல் அணி நடை பழகியது. அதில் சேர்ந்த நம்மவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். அவருடைய தொப்பைக்கு ஏற்ற சீருடை கிடங்கில் இல்லை. இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்ட மேஜர், போர்ப் பயிற்சியில் அவரை எதிரியாக்கிவிட்டார். சீருடை பிறகு வந்தது, வேலை மாறவில்லை. எல்லையில் காவல் நிற்பவர்கள், வெள்ளத்தில் மக்களை மீட்டவர்கள் எல்லாரும் இவரைப் பிடித்துத் தேறியவர்கள்தான். முகாமில் அவருக்குப் பெயரே எதிரி அண்ணன்.

இறுதித் தேர்வன்று அவர் புதர்க்காட்டில் ஒளிந்துகொள்ள வேண்டும். பிடித்தால் அணி தேறியது. பிடிக்காவிட்டால் பயிற்சி மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகள் பாவம் என்று சொல்லிக்கொள்வாரே தவிர, உண்மையில் அவருக்குப் பசி தாங்காது. வயிறு கூப்பிட்டதும் லேசாக இருமுவார். பாய்ந்து அமுக்குவார்கள். எல்லாருமாகச் சாப்பிடப் போவார்கள். வீட்டிலோ, தன்னைப் பிடிப்பதற்குள் பையன்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது என்று அளப்பார்.

அந்த அளப்பைக் கேட்டு வளர்ந்த மகள், ராணுவத்தில் சேர்ந்து அணித்தலைவியாகத் தேர்வுக்கு வந்து நின்றாள். அவளிடமாவது கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று மனைவி காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

அன்று அவர் பசிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அணி பக்கத்தில் வந்ததுமே இருமினார். எல்லாரும் திரும்பினார்கள். மகள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தி, எதிர்த்திசையைக் காட்டினாள். அவர் பதறிப்போய்ப் பலமாக இருமினார். அவர்கள் இன்னும் வேகமாக விலகினார்கள். நேரம் முடிந்து விசில் ஊதியபோது தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வீட்டில் மகள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது பொறின்னு நினைச்சேன்ப்பா. இத்தனை வருஷம் எதிரியா இருந்தவரு, போயும் போயும் இருமியா மாட்டிக்குவாரு?"

எல்லாம் உனக்காகத்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது, விழுங்கிக்கொண்டார்.

"நான் எப்பவுமே இருமித்தாம்மா மாட்டிக்குவேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த தடவை இருமாதீங்க. நானே வந்து பிடிக்கிறேன்."

அத்தனை வருட உத்தியோகத்தில் எதிரி அண்ணனுக்கு அன்றுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.