வெள்ளையன் வாசலில் நாலு மணி நேரம்

1. போன்

காலை எட்டே முக்காலுக்கு ஸ்டேஷன் போன் அடித்தது. எடுத்தது நான்தான். அப்போது கொல்லிமலையில் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெண் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் பாக்கி.

"வளப்பூர் நாட்டுல இருந்து பேசறனுங்க. விடியக்காலைல வெள்ளையன் அவன் தம்பி செல்லனைச் சுட்டுப்புட்டானுங்க. துப்பாக்கியோட ஊட்டுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டான். கிட்ட வந்தாச் சுடுவேங்கறானுங்க."

"செல்லன் எங்க?"

"பிக்கப் வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. பேச்சு மூச்சு இல்லீங்க."

நாடு என்றால் மலையில் சில ஊர்கள் சேர்ந்த தொகுதி. அண்ணன் தம்பி இருவரையும் எனக்குத் தெரியும். வரப்புத் தகராறில் ஆளுக்கொரு மனு கொடுத்திருந்தார்கள். இரண்டையும் விசாரித்து, சமாதானம் பேசி அனுப்பியதும் நான்தான். அதனால் நோட்டில் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் 'முன்விரோதம்' என்று எழுதிக்கொண்டேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. கை தானாக எழுதியது.

ஜீப்பில் நான்கு பேர் கிளம்பினோம். எஸ்.ஐ. தினேஷ், என் மூத்த மகன் வயது. மலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் பிஸ்டல். கான்ஸ்டபிள் குமாரிடம் ரைபிள். முருகேசன் வண்டி ஓட்டினார். பாதி வழியில் ஜீப்பின் வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்தது. செல்லனுக்கு நினைவு திரும்பிவிட்டது, முதுகிலும் தோளிலும் ஈய ரவைகள் பாய்ந்திருக்கின்றன, உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் குறித்துக்கொண்டேன். எஸ்.ஐ. மட்டும், "நல்லவேளை, கொலைக் கேஸ் இல்ல" என்றார்.

2. நாற்பதடி

வெள்ளையன் வீடு மேட்டில் தனியாக இருந்தது. ஓட்டு வீடு, ஒரு கதவு, ஒரு ஜன்னல். வாசலுக்கு நேர் எதிரே நாற்பதடி தூரத்தில் இடுப்பளவு கல்கட்டு. அதன் பின்னால் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்பே ஊரில் பாதிப்பேர் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன் மனைவி பாப்பாத்தி ஒரு பலா மரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவரை வெளியே தள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருந்தார் வெள்ளையன். ஜன்னலில் துப்பாக்கியின் குழாய் தெரிந்தது.

எஸ்.ஐ. குரல் கொடுத்தார். "போலீஸ்! துப்பாக்கியக் கீழ போட்டுட்டுக் கையத் தூக்கிட்டு வெளிய வா!"

மூன்று தடவை. பிறகு குமார் கத்தினார். நானும் கத்தினேன். ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் "வாடா வெளிய" என்றார், இன்னொருவர் "தம்பியக் கொன்ன பாவி" என்றார். ஜன்னலில் குழாய் ஆடியது.

எஸ்.ஐ. என் காதருகே வந்தார். "அம்மா, பின்பக்கம் ஓட்டைப் பிரிச்சுக் குமார உள்ள இறக்கறேன். முன்னால நான் கதவ ஒடைக்கறேன். அந்த ஆள் துப்பாக்கியத் திருப்பினான்னா சுட்டுத்தான் ஆகணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எதிரே இருப்பவர் ஏற்கெனவே ஒருவரைச் சுட்டவர். குமாருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள்.

அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். எனக்கு வந்தது ஒரு சந்தேகம். மலையில் நான் கைப்பற்றிய நாட்டுத் துப்பாக்கிகள் கொஞ்சநஞ்சமல்ல. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்து போட்டு, ரவை போட்டு, கம்பியால் இடித்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்ட வேண்டும். ஒரு வெடி வெடித்தால் அடுத்ததற்கு ஓரிரு நிமிடம் ஆகும். இவருக்கோ மூன்று மணி நேரம் கிடைத்திருந்தது. ஜீப்பிலிருந்து கல்கட்டு வரை நாங்கள் நான்கு பேரும் நிமிர்ந்து நடந்து வந்தோம். சுட நினைத்திருந்தால் அப்போதே சுட்டிருக்கலாம். சுடவில்லை. அப்படியானால் இந்த மனிதர் எதற்காகக் காத்திருக்கிறார்?

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாக்கறேன்."

"என்ன கேள்வி?"

"அது இன்னும் தெரியலீங்க சார்."

எஸ்.ஐ. என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "அஞ்சு நிமிஷம்" என்றார்.

முதலில் ஊர்க்காரர்களைச் சாலைத் திருப்பத்துக்கு அப்பால் அனுப்பச் சொன்னேன். பாப்பாத்தியைக் கல்கட்டுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் ஒருத்தி மட்டும் பேசுவது, வேறு யாரும் வாய் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. சத்தம் அடங்கிய பிறகுதான் அங்கே எவ்வளவு சத்தம் இருந்தது என்றே தெரிந்தது.

"ஏனுங்க வெள்ளையண்ணா, ஸ்டேஷன்ல மனு விசாரிச்ச அம்மா பேசறேன். காலைல என்னங்க ஆச்சு?"

கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை குழாய் ஜன்னலிலிருந்து உள்ளே போயிற்று. எஸ்.ஐ. பிஸ்டலை இரண்டு கையாலும் பிடித்தார். அப்போதுதான் குரல் வந்தது.

"பன்னின்னு நெனச்சுத்தானுங்க சுட்டேன்."

"எந்தப் பன்னி?"

"கெழங்குக் காட்டுலீங்க. பனியில ஒண்ணுந் தெரியல. குனிஞ்சாப்ல என்னமோ அசைஞ்சுது. சுட்டுட்டுப் போயிப் பாத்தா எந்தம்பி கெடக்கறான். கூப்புட்டுப் பாத்தேன், பேசல. கொன்னுப்புட்டனுங்க. நீங்க என்னையத் தூக்குல போட வந்துட்டீங்க. அந்தச் செரமம் உங்களுக்கு வேண்டாம். நானே போயிக்கறேன். என்ற சம்சாரத்தக் கூட்டிக்கிட்டுத் தள்ளிப் போயிருங்க."

பாப்பாத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "கொழுந்தனாரு போயிட்டாருன்னுதானுங்க ஊரே சொல்லுது" என்றார் என்னிடம்.

நான் எஸ்.ஐ.யைப் பார்த்தேன். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். செல்லன் உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். வந்து அரைமணி நேரம் ஆகியும் எங்களில் ஒருவருக்குக்கூட அதை அந்த வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றவில்லை. அது எங்களுக்கு வந்த தகவல், எங்கள் கேஸுக்கானது என்று வைத்துக்கொண்டிருந்தோம்.

3. நம்பாத ஆள்

"அண்ணா, செல்லன் சாகலீங்க! ஆஸ்பத்திரில நெனவா இருக்காரு!"

"இப்படிச் சொல்லி வெளிய இழுக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

சத்தியம் செய்தேன். பாப்பாத்தியும் சொன்னார். "உன்னையச் சொல்லச் சொல்லி மெரட்டறாங்க புள்ள" என்றார் வெள்ளையன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ் சொல்வதை ஒருவர் நம்பவில்லை என்றால், அதற்கு எங்கள் பக்கமும் காரணம் இருக்கும்.

அடுத்த யோசனை எஸ்.ஐ.யுடையது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அதை மறக்காமல் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரம் முன்பு கதவை உடைப்பதாக இருந்தவர், "முருகேசன், ஜீப்ப எடுத்துட்டுப் போ. டாக்டர் விட்டாருன்னா செல்லனையே கூட்டிட்டு வா. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி" என்றார்.

ஜீப் போனதும் மைக்கும் கூடவே போயிற்று. கையிலிருந்த வாக்கிடாக்கியும் செல்போனும் அந்த மேட்டில் எடுக்கவில்லை. "இன்னும் என்ன பண்றீங்க" என்று மேலதிகாரிகள் யாரும் கேட்க வழியில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

கொல்லிமலைச் சாலையில் அவசரம் எடுபடாது. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கேள்வி கேட்பதுதான். எந்த மாதத்தில் பன்றி அதிகம் வரும், ஒரு இரவில் எவ்வளவு கிழங்கு போகும், தகரம் கட்டித் தட்டினால் போகாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சிலதற்குப் பதில் வந்தது. தகரத்துக்கு மட்டும், "ரெண்டு நாளைக்குப் பயப்படுமுங்க. மூணாம் நாளு தகரத்துக்குக் கீழயே வந்து நோண்டும்" என்றார்.

பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளே குரல் நின்றுவிட்டது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பாப்பாத்தி எழுந்து வீட்டை நோக்கி ஓடப் பார்த்தார். எஸ்.ஐ. அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கல்கட்டுக்கு மேல் தலையைக் கொஞ்சம் தூக்கினார்.

"வெள்ளையன், பன்னி மரவள்ளிய எப்படித் தோண்டும்? காலாலயா? எங்க ஊர்ப்பக்கம் பன்னி கெடையாது, அதான் கேக்கறேன்."

அன்றைக்குக் காலையிலிருந்து அவர் குரலில் உத்தரவு இல்லாத முதல் வாக்கியம் அது. உள்ளேயிருந்து பதில் வந்தது.

"மூக்குலதானுங்க சார். காலுல எப்படித் தோண்டும்?"

எஸ்.ஐ. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

4. செல்லன்

செல்லன் வர மறுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி, "அவன் சாவட்டுமுங்க, நான் வரமாட்டேன்" என்றாராம். முருகேசன் நிதானமாக, "செத்தா நீதான் வந்து எல்லாக் காரியமும் பண்ணோணும். அதுக்கு இப்பவே வந்துட்டா ஒரே அலைச்சலோட போச்சு" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பி வைத்தார். வழி முழுக்க ஜீப்பின் பின் சீட்டில் குப்புறப் படுத்தே வந்தார் செல்லன்.

முருகேசன் தோளைப் பிடித்துக்கொண்டு பலா மரத்துக்குப் பின்னால் வந்து நின்றார். உடம்பைச் சுற்றிக் கட்டு. என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"ஏய்யா, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வெளிக்கு உக்காந்திருந்தவனப் பன்னின்னு சுட்டுப்புட்டு, செத்துட்டேன்னு வேற ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்கறயா! நீ வெளிய வா, உன்னய நான் பாத்துக்கறேன்!"

குமார் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அசைவு கேட்டது.

"செல்லா?"

"செல்லனேதான்! முதுகு பூரா எரியுது!"

இப்படி ஒரு திட்டை நாங்கள் யாரும் ஜோடித்திருக்க முடியாது. உள்ளே ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வெள்ளையன் வெளியே ஓடி வந்தார், கையில் துப்பாக்கியோடு.

அது கையில் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். எஸ்.ஐ.யின் பிஸ்டல் உயர்ந்தது. குமாரின் ரைபிளும் உயர்ந்தது. "கீழ போடு" என்று கத்தத்தான் எனக்கும் நாக்கு வந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

"வெள்ளையண்ணா, அங்கயே நில்லுங்க. கையில இருக்கறத வாசப்படியில வெச்சிருங்க. மெதுவா வெய்யுங்க."

அவர் நின்றார். தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தார். குனிந்தார். குனியும்போது குழாய் ஒரு அரை வட்டம் சுற்றி எங்கள் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நொடியில் யார் சுட்டிருந்தாலும் சட்டத்தில் தப்பாகியிருக்காது. யாரும் சுடவில்லை. துப்பாக்கி வாசற்படியில் கிடந்தது. வெள்ளையன் வெறுங்கையோடு நடந்து வந்து தம்பியின் காலருகே உட்கார்ந்துவிட்டார்.

துப்பாக்கியை எடுத்துப் பார்த்தோம். மருந்து இடித்து, ரவை போட்டு, கேப் மாட்டித் தயாராக இருந்தது.

5. கேட்டுத் தெரிந்துகொண்டது

வெள்ளையன் மேல் வழக்குப் போட்டோம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, அதனால் ஒருவருக்குக் காயம், விட முடியாது. 'முன்விரோதம்' என்ற சொல்லை மட்டும் வழக்கில் நான் எழுதவில்லை. அவர் ஜெயிலுக்குப் போனார், பிறகு ஜாமீனில் வந்தார்.

எனக்கு அந்த ஒரு நொடி மனதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், குழாய் திரும்பியபோது நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று. எஸ்.ஐ. குழாயின் வாயை மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னார். விரல் பாதி அழுத்திவிட்டதாம். நான் பேசியது அவர் காதில் விழவே இல்லை. குமார் பார்த்தது வெள்ளையனின் விரலை. அது விசையில் இல்லை என்று தெரிந்ததால் பொறுத்தேன் என்றார். நான் பார்த்தது அவர் கால்களை. செருப்பில்லாத அந்தக் கால்களில் காட்டு மண் அப்படியே ஒட்டியிருந்தது. மூன்று பேரும் ஒரே மனிதரின் மூன்று துண்டுகளைப் பார்த்திருக்கிறோம். முழு ஆளை யாரும் பார்க்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளையனைப் பார்த்தேன். கோர்ட் வாய்தாவுக்கு வந்திருந்தார். மலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீ குடித்தோம்.

"நாங்க மொதல்ல கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்றேன்.

"சத்தம் கேட்டுதுங்கம்மா. என்ன சொல்றீங்கன்னு ஒண்ணும் வெளங்கல. நாய்க கூட்டமா நின்னு கொலைக்கிறாப்ல இருந்துது."

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் கத்துவது எதிரே இருப்பவருக்கு வார்த்தையாகப் போய்ச் சேர்கிறது என்று நினைக்காதீர்கள். தள்ளி நில்லுங்கள், மறைவாக நில்லுங்கள், ஒருவர் மட்டும் பேசுங்கள். என்ன நடந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் சுட வேண்டிவரும் நாள் இருக்கலாம். எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

டீ குடித்து முடித்ததும், மனதில் வெகுநாளாக இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நாங்க கதவ ஒடைச்சு உள்ள வந்திருந்தா யாரைச் சுட்டிருப்பீங்க? எங்களையா, உங்களையா?"

பஸ் வந்து நின்றது. வெள்ளையன் எழுந்திருக்கவில்லை.

"தெரியலீங்கம்மா. அதுதானுங்க எனக்கு இன்னமும் பயமா இருக்குது. நீங்க சுட்டிருப்பீங்களா?"

"எனக்கும் தெரியலீங்க" என்றேன்.

இருவரும் பஸ் ஏறினோம்.