மகள் தின்ற பழம்

மலேசியாவில், கூலாயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் வேலியோரம் அந்த மரம் நின்றது. இலையுதிர்ந்து மொட்டையாக ஒரு நாளும் பார்த்ததில்லை. கூம்பாக வெட்டிவிட்டிருந்ததால் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். ஒரு ஞாயிறு காலை என் மூன்று வயது மகள் அதன் அடியில் உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் சிவப்பு. கையில் பாதி கடித்த பழம்.

"எத்தனை சாப்பிட்டே?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு காரில் பறந்தார். அரை மணி நேரத்தில் மருத்துவமனையிலிருந்து அவர் போன் செய்தார். "ஒரு தடவ வாந்தி எடுத்துட்டா. என்ன மரம்னு டாக்டர் கேக்குறாங்க."

"கிறிஸ்துமஸ் மரம்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா ஒன்னும் புரியாதாம். கிட்டப்போய்ப் பாத்துச் சொல்லு, சீக்கிரம்!"

தினமும் அதன் பக்கத்தில்தான் துணி காயப்போடுவேன். ஆனால் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஊசி இலை இல்லை. விரல் நீளத்துக்கு ஒடுங்கிய, தட்டையான இலைகள். மேலே கரும்பச்சை, அடியில் வெளிறல், நடுவில் ஒரே நரம்பு. பழம்தான் விசித்திரம். கீழே சிவந்த சதை, அதன் உச்சியில் பச்சை விதை வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனைப் பூச்செடிக் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரச் சீனர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மலாய் மொழியில் சொன்னார். "போடோகார்ப்பஸ், அக்கா. பைன் மரத்துக்குச் சொந்தம், ஆனா கூம்புக் காய் வராது. சிவப்புச் சதை பரவாயில்ல. விதைதான் விஷம்."

போனில் பெயரைச் சொன்னேன். விதையையும் விழுங்கினாளா என்று டாக்டர் கேட்டாராம். திரும்பி ஓடி, மரத்தடியில் மண்டியிட்டுப் புல்லைத் துழாவினேன். ஏழு விதைகள் கிடைத்தன, துப்பிய எச்சில்கூடக் காயவில்லை. ஆனால் அவள் தின்றது ஏழுதானா? விதைகளை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன். சாயங்காலம்வரை அவளை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சாயங்காலம்வரை கட்டிலருகே உட்கார்ந்து, அவள் புரளும்போதெல்லாம் பதறினேன். ஐந்து மணிக்கு எழுந்து குடிக்க மைலோ கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த வாரமே வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி மரத்தை வெட்டவைத்தேன். நல்ல மரம்தான். இருந்தும் எனக்கு வருத்தமில்லை.