வால்வு திறந்த நாள்

வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. செஞ்சி பக்கம் வல்லத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியை நான். நாற்காலியில் உட்கார்ந்து, மீதியை ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் இரைக்கும். ரத்தம் குறைவாக இருக்கும் என்று நானாகவே இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலையே செஞ்சியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டெல்லாம் வீங்குச்சா?"

வீங்கியது. வளர்கிற வயது, அப்படித்தான் வலிக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தையும் தொட்டிருக்கலாம் என்றார் அவர்.

புதுச்சேரியில் எக்கோ எடுத்தார்கள். சாம்பல் நிறத் திரையில் என் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்க வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்களில் ஒட்டி, நடுவில் சின்னப் பிளவுதான் திறந்து மூடியது. "இது வழியாத்தான் ரத்தம் போவணும். அதான் நுரையீரல்ல தேங்குது," என்றார் இதய டாக்டர். "தொடை ரத்தக்குழாய் வழியா பலூன் அனுப்பி விரிச்சு விடலாம். நெஞ்சைத் திறக்க வேணாம்."

வீட்டில் அப்பாவுக்கு மனமில்லை. "நெஞ்சுக்குள்ள பலூனா? மாத்திரையிலியே பாத்துக்கலாமேம்மா."

"மாத்திரைக்கு வால்வு விரியாது நைனா. நான் பண்ணிக்கத்தான் போறேன்."

என் வீட்டுக்காரர் வேர்க்கடலை அறுவடையைத் தன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தார். பலூன் செலுத்துவதற்கு முன் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். குமட்டலில் கண்ணீர் வழிந்தது. குழாயை எடுத்த பிறகு டாக்டர் கட்டிலருகே வந்தார்.

"உள்ள ஒரு மூலையில ரத்தக் கட்டி இருக்குதும்மா. இப்ப கம்பியை விட்டா அது நகந்து மூளைக்குப் போயிடலாம். இன்னிக்கு வேணாம்."

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படுத்திருந்த எனக்கு அழுகைகூட வரவில்லை. திரும்பும் பேருந்தில் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னா பண்ணலாம்?"

"கட்டி கரையட்டும். மறுபடியும் போவலாம்."

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது சொன்னபடி கேட்கும் மாத்திரை இல்லை. அடிக்கடி ஊசி குத்தி ரத்தத்தைப் பார்க்க வேண்டும். அளவை ஏற்றி இறக்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்குமாம், அதனால் அதை ஒரு நாள் அள்ளித் தின்று மறுநாள் விடக் கூடாது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வரும். ஒரு வேளையும் தவறவிடவில்லை. பள்ளிக்கும் போனேன், உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினேன்.

அடுத்த முறை போனபோது அதே குழாய், அதே குமட்டல். ஆனால் டாக்டர் திரையைப் பார்த்துத் தலையசைத்தார். "கட்டி இல்ல. சுத்தமா இருக்குது."

தொடையிடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். எக்ஸ்ரே கருவி என் மார்புக்கு மேல் வளைந்து நின்றது. பக்கத்துத் திரையில் மெல்லிய கோடு ஒன்று மேலேறியது. இதய அறைகளுக்கு இடையிலுள்ள சுவரைத் துளைக்கும்போது, "அசையாதீங்க," என்றார் டாக்டர். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன். பிறகு வால்வுக்குள் பலூன் உப்பியது. இறுகிய வால்வு அதன் நடுவை இடுப்புபோல் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டியது. அடுத்த நொடி அந்த இடுப்பு விரிந்து மறைந்தது. பலூனைச் சுருக்கி இழுத்துக்கொண்டார்கள்.

நெஞ்சில் எக்கோ கருவியை வைத்துப் பார்த்த பெண், "நல்லா திறந்துடுச்சு டாக்டர். கசிவு கொஞ்சந்தான்," என்றாள்.

முழுக்கக் குணமாகவில்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. வால்வு பல வருஷம் கழித்து மீண்டும் சுருங்கலாம். தவறாமல் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை வார்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிற்காமல் நடந்தேன். இரைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் மேல்சித்தாமூரிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு அன்று அதே சிகிச்சை.

"வலிக்குமாக்கா?" என்றாள்.

"தொண்டையில குழாய் போவும்போது குமட்டும். பலூன் விரியும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், பயமா இருக்கும். கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்க."

அவள் தலையாட்டிவிட்டு, கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.